காபைட் ரிப் எத்தனை நிமிடம் தாங்கும்? கணினியில் கணக்கிடுவோருக்குச் சில பட்டறைக் குறிப்புகள்

லேத்தில் உருக்கைக் கடையும் காபைட் ரிப், அதாவது தேய்ந்ததும் மாற்றும் வெட்டுமுனை, பத்து நிமிடம் தாங்கும் என்று கணினி சொல்கிறது. அந்தப் பத்தை நம்புவதா என்று யோசிக்க முன்னர், வெட்டுமிடத்து வெப்பநிலையை அது எங்கிருந்து எடுத்தது என்று பார்க்க வேண்டும். தேய்வுக் கணிப்புப் பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான். தகைப்பு, அதாவது பரப்பலகில் அழுத்தும் விசை, 10 வீதம் பிசகினால் விடையும் 10 வீதம் பிசகும், அவ்வளவுதான். வெப்பநிலை 50 பாகை பிசகினால் ஆயுள் பாதியாகிவிடும்.

காரணம் சமன்பாட்டின் வடிவத்திலேயே இருக்கிறது. இன்று மென்பொருள்களில் அதிகம் பயன்படுவது 1978 இல் ஜப்பானிய ஆய்வாளர் எய்ஜி உசுயியும் சகாக்களும் கொடுத்த வடிவம். தொடுகைப் பரப்பின் ஒரு புள்ளியில், தேய்வு வீதம் = அ × செவ்வன் தகைப்பு × வழுக்கும் வேகம் × எக்ஸ்ப்(−ஆ ÷ தனிவெப்பநிலை). எக்ஸ்ப் என்பது e இன் அடுக்கு; அ, ஆ இரண்டும் மாறிலிகள். முலாம் இல்லாத காபைட்டும் காபன் உருக்கும் சேர்ந்த சோடிக்கு, 1150 கெல்வினுக்கு மேலே அ = 1.198 × 10⁻² (ஒரு மெகாபஸ்காலுக்கு), ஆ = 21,950 கெல்வின்; அதற்குக் கீழே அ = 7.8 × 10⁻⁹, ஆ = 5,302 என்பவை பலராலும் எடுத்தாளப்படும் பெறுமானங்கள்.

போட்டுப் பார்ப்போம். உருக்கில் இருந்து உரிந்து வரும் சீவல் உராயும் மேல்முகத்தில் 1200 கெல்வின், 1000 மெகாபஸ்கால், வழுக்கும் வேகம் செக்கனுக்கு 1.5 மீற்றர் என்று வைத்தால் குழிவு நிமிடத்துக்கு 12 மைக்ரோமீற்றர் ஆழமாகும். ஐ.எஸ்.ஓ. 3685 நியமப்படி குழிவின் எல்லை 0.06 + 0.3 × பீட் (ஒரு சுற்றுக்கு ரிப் முன்னேறும் தூரம்); பீட் 0.2 மில்லிமீற்றர் என்றால் 0.12 மில்லிமீற்றர். ஆக, ஏறத்தாழ 9.8 நிமிடம். அதே கணக்கில் வெப்பநிலையை மட்டும் 1220 ஆக்குங்கள், 7.2 நிமிடம். 1250 ஆக்குங்கள், 4.7 நிமிடம். அ, ஆ இரண்டையும் மாற்றாமல், கெல்வினுக்குப் பதிலாகத் தவறுதலாகச் செல்சியஸ் எண்ணான 927 ஐப் போட்டுவிட்டால் 35 மணிநேரத்துக்கு மேல் வரும்! இப்படி வந்தால் சிரித்துவிட்டுத் திருத்தலாம். 1220, 1250 பிழைகளில்தான் ஆபத்து, ஏனென்றால் விடை பார்க்க நியாயமாக இருக்கும்.

இதெல்லாம் யாருக்கு வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். நீர்ப்பம்பித் தண்டு ஒன்று, இரு சில்லு உழவு இயந்திரத்தின் அச்சு ஒன்று என்று வந்ததைக் கடைந்து கொடுக்கும் பட்டறைக்கு இது வீண் வேலை. அங்கே வேகம் கூட ஆயுள் எவ்வளவு குறையும் என்று 1907 இல் ரெயிலர் கொடுத்த விதியும் ஒரு கொப்பியும் போதும். ஒரே தண்டு இருநூறு செய்ய வேண்டியவருக்கும், வேகத்தையும் பீட்டையும் மாற்றினால் எது முதலில் போகும் என்று முன்கூட்டியே பார்க்க விரும்புபவருக்கும், கிளிநொச்சி அறிவியல் நகர்ப் பொறியியல் பீடத்தில் இறுதியாண்டு ஆய்வுக்கு இதை எடுக்கும் மாணவருக்கும்தான் இது.

முதல் சிக்கல் நேரம். வெட்டு வேகம் நிமிடத்துக்கு 180 மீற்றர் என்றால் செக்கனுக்கு 3 மீற்றர். சீவல் உருவாகும் கணிப்பை 2 மில்லிசெக்கன் ஓட்டினால் 6 மில்லிமீற்றர் வெட்டப்படும். சீவலின் தடிப்பும் தொடுகை நீளமும் விசையும் அதற்குள் நிலைத்துவிடும். ரிப்பின் சூடு நிலைக்காது. காபைட்டின் வெப்பக்கடத்தாறு 80, கனவளவுக்கான வெப்பக் கொள்ளளவு 3.2 × 10⁶ என்று எடுத்தால் வெப்பப் பரவுதிறன் 2.5 × 10⁻⁵ சதுர மீற்றர்/செக்கன். 2 மில்லிசெக்கனில் வெப்பம் உள்ளே போகும் தூரம் 0.2 மில்லிமீற்றர்தான். 5 மில்லிமீற்றர் போக ஒரு செக்கன் வேண்டும். ஆகவே 2 மில்லிசெக்கன் முடிவில் திரையில் தெரியும் வெப்பநிலை, இன்னும் சூடேறிக்கொண்டிருக்கும் ரிப்பினுடையது. அதை உசுயி சமன்பாட்டில் போட்டால் ஆயுள் பல மடங்கு கூடித் தெரியும். முதன்முதலாகச் செய்வோர் அநேகமாக எல்லோரும் விழும் கிடங்கு இது.

வெளியேற இரண்டு வழி உண்டு. ஒன்று, ரிப்பின் தன்வெப்பக் கொள்ளளவை மட்டும் பொய்யாகக் குறைப்பது. நிலைத்த நிலை வெப்பநிலை கொள்ளளவில் தங்கியிருப்பதில்லை. கடத்தாற்றிலும் எல்லை நிபந்தனைகளிலுமே தங்கியிருக்கும். ஆகவே இந்தப் பொய் விடையைக் கெடுக்காது, விரைவில் கொண்டுவந்து சேர்க்கும். கூர்முனையை ஒட்டி 2 மில்லிமீற்றர் அளவுக்கு மட்டுமே ரூலை (வெட்டும் கருவியை) வரைந்திருந்தால் நூறில் ஒன்றாக்கினால் போதும்: 160 மில்லிசெக்கன் எடுப்பது 1.6 ஆகிவிடும். ஆயிரத்தில் ஒன்றுக்குக் கொண்டுபோனால் வேறொரு தொல்லை வரும். நேரத்தை மிகச் சிறு படிகளாக முன்னேற்றும் வெளிப்படை நேரப்படி முறையில் வெப்பத்துக்கும் ஒரு நேரப்படி எல்லை உண்டு. உருவைப் பிரிக்கும் வலையின் ஒரு மூலகம் 10 மைக்ரோமீற்றர் என்றால் அது 2 மைக்ரோசெக்கனில் இருந்து 2 நனோசெக்கனுக்கு இறங்கி, பொறிமுறை எல்லையோடு முட்டத் தொடங்கும்.

இன்னொரு வழி கூடுதல் வேலை, ஆனால் எங்கள் பார்வையில் அதுவே சரி. சீவல் கணிப்பில் இருந்து தொடுகைப் பரப்பின் வெப்பப் பாயத்தை மட்டும் எடுங்கள். கடைசி மூன்றில் ஒரு பங்கு நேரத்தின் சராசரி. அதை முழு ரிப், அடித்தகடு, பிடிதண்டு என்று முப்பரிமாணத்தில் வரைந்த உருவுக்கு ஏற்றி, நிலைத்த நிலை வெப்பக் கணக்காகச் செய்யுங்கள். இதற்குக் காசு கொடுத்து மென்பொருள் வாங்கத் தேவையில்லை. இலவசமான கல்குலிக்ஸ் போதும். வரும் வெப்பநிலையைச் சீவல் கணிப்பின் ரூலுக்குத் திரும்பக் கொடுத்தால் வெப்பம் பங்குபோவது மாறும். இரண்டு மூன்று தடவை சுற்றினால் நிலைக்கும். எந்த வழியில் போனாலும், ரூலைச் சின்னதாக வரைந்துவிட்டு அதன் பின்விளிம்பை அறை வெப்பநிலையில் பூட்டி வைக்காதீர்கள். கூர்முனைக்கு ஒரு மில்லிமீற்றர் பின்னால் தண்ணீர்த் தொட்டி வைத்த மாதிரி அது.

சீவல் கணிப்புக்கு டிஃபோம், அட்வான்டெட்ஜ், அபாகஸ் ஆகிய மென்பொருள்களில் எதுவும் ஆகும். முதல் இரண்டிலும் வலை தானாகப் புதுப்பிக்கப்படும், உசுயி சமன்பாடும் உள்ளேயே இருக்கிறது. அபாகஸில் பலதை நீங்களே எழுத வேண்டும். எதிலென்றாலும் வெட்டு விளிம்பைக் கூராக வரையக் கூடாது, அதன் உருட்டு ஆரையோடு வரைய வேண்டும். கடையில் வாங்கும் ரிப்புக்கு அந்த ஆரை 30 முதல் 50 மைக்ரோமீற்றர் வரை இருக்கும். அதன் வளைவில் நாலு மூலகமாவது நிற்க வேண்டும் என்றால் மூலகம் 10 மைக்ரோமீற்றர். ஒலி வேகம் செக்கனுக்கு 5900 மீற்றர் என்று எடுத்தால் ஒரு நேரப்படி 1.7 நனோசெக்கன், 2 மில்லிசெக்கனுக்குப் பன்னிரண்டு லட்சம் படிகள். இத்தனை படியில் ஒற்றைத் துல்லியத்தின் முழுதாக்கல் பிழை சேர்ந்துகொண்டே போகும். இரட்டைத் துல்லியத்தில் ஓட்டுங்கள். மீளத் தொடங்கும் கோப்பை 0.1 மில்லிசெக்கனுக்கு ஒரு தடவை எழுத விடுங்கள். கரண்ட் போய் வரும் நாளில் அதன் அருமை தெரியும்.

அலகு பற்றியும் ஒரு வார்த்தை. மில்லிமீற்றர், தொன், செக்கன், மெகாபஸ்கால் தொகுதியில் வேலை செய்தால் உருக்கின் அடர்த்தி 7.85 × 10⁻⁹, தன்வெப்பக் கொள்ளளவு 486 அல்ல, 4.86 × 10⁸. இதில் ஆயிரம் மடங்கு விட்டால் சீவல் ஒரே நொடியில் உருகும், அல்லது சூடே ஏறாது.

இனி உலோகம். 1045 உருக்குக்கு 2002 இல் யாஸ்பர்ஸ், டவுட்சன்பேர்க் இருவரும் வெளியிட்ட ஜோன்சன்-குக் மாறிலிகள் (விகாரமும் வேகமும் சூடும் மாறும்போது உலோகம் எந்தத் தகைப்பில் உருமாறும் என்று சொல்பவை) எங்கும் கிடைக்கும்: தொடக்கத் தகைப்பு 553.1 மெகாபஸ்கால், விகாரக் குணகம் 600.8, விகார அடுக்கு 0.234, விகார வீதக் குணகம் 0.0134, வெப்ப அடுக்கு 1. நமது இரும்புக் கடைகளில் கிடைப்பதோ ஈ.என். 8. அதன் காபன் 0.36 முதல் 0.44 வீதம், 1045 இல் 0.43 முதல் 0.50. உறவுக்காரர்தான், இரட்டையர் அல்லர். அதைவிடப் பெரிய பிரச்சினை, கழித்த லொறி அச்சுகளில் இருந்து வெட்டிக் கொடுக்கும் துண்டுகள். வெளித்தோல் கடினப்படுத்தியதாக இருக்கும், உள்ளே வேறாக இருக்கும். அப்படியான துண்டில் கடைந்து பார்த்த தேய்வுக்கு எந்த மாறிலியையும் பொருத்த முடியாது. சோதனை முழுவதையும் ஒரே கோலில் செய்யுங்கள், இரண்டு முனையிலும் நடுவிலும் வன்மை அளந்து எழுதி வையுங்கள்.

உராய்வுக் குணகத்தை ஊகித்துப் போடுவதை விட, சீவலிடம் கேட்பது மேல். சீவலின் தடிப்பை முனை கூரான மைக்ரோமீற்றரால் பத்து இடத்தில் அளவுங்கள். பீட் 0.2 இல் சீவல் 0.45 தடிப்பு என்றால் விகிதம் 2.25. கணிப்பில் 1.8 வந்தால் உராய்வைக் கூட்ட வேண்டும். கூடவே வெட்டு விசையும் பொருந்த வேண்டும். ஒன்று பொருந்தி மற்றது பொருந்தாவிட்டால் குற்றம் உராய்வில் அல்ல, உலோக மாறிலிகளில். விசையளவி இல்லாத இடத்தில் மோட்டாரின் வலுவைப் பார்க்கலாம். ஓட்டத்தை மட்டும் கிளாம்ப் மீற்றரில் பார்த்து வலுவாக மாற்றுவது ஏமாற்றும், ஏனென்றால் குறைந்த சுமையில் வலுக்காரணி மிகவும் தாழ்ந்திருக்கும். கிலோவாற்று காட்டும் மீற்றர் வேண்டும். வெட்டும்போது வருவதில் இருந்து சும்மா சுழலும்போது வருவதைக் கழியுங்கள்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்? இந்த வகை உருக்கில் பீட் 0.2 க்குச் சதுர மில்லிமீற்றருக்கு ஏறத்தாழ 2500 நியூற்றன். வெட்டாழம் 1.5 என்றால் பரப்பு 0.3, விசை ஏறத்தாழ 750 நியூற்றன், 3 மீற்றர்/செக்கனில் 2.25 கிலோவாற்று. இரண்டு குதிரைவலு மோட்டார் உள்ள லேத் இதற்கு நின்றுவிடும்.

அதற்காக வெட்டாழத்தைக் குறைத்தால் வேறு வம்பு. சி.என்.எம்.ஜி. 120408 என்ற குறியீடு உள்ள ரிப்பின் மூக்கு ஆரை 0.8 மில்லிமீற்றர். 95 பாகைப் பிடிதண்டில், வெட்டாழத்தின் முதல் 0.87 மில்லிமீற்றர் மூக்கு வளைவிலேயே முடிந்துவிடும். 1.5 இல் கூடப் பாதிக்கு மேல் வளைவு. இருபரிமாணக் கணிப்பு மிச்சமுள்ள நேர்ப்பகுதிக்கு மட்டும்தான் பொருந்தும். மோட்டார் சின்னது என்றால் குழாய் முனையை வெட்டுங்கள்: சுவர்த் தடிப்பு 2 மில்லிமீற்றர் உள்ள குழாயின் முகத்தை, நேர்விளிம்பு ரூலால், அச்சுத் திசையில் பீட் 0.1 கொடுத்து வெட்டினால் அது உண்மையான இருபரிமாண வெட்டு. 2 மீற்றர்/செக்கனில் 1.2 கிலோவாற்றுக்குள் நிற்கும். உராய்வையும் உலோக மாறிலிகளையும் அங்கே சரிபார்த்துவிட்டு, தேய்வுக்கு வேறு லேத் தேடலாம்.

தேய்வு அளக்கும் சோதனைக்குக் குறைந்தது மூன்று வேகம், முடிந்தால் நாலு: நிமிடத்துக்கு 120, 160, 200, 240 மீற்றர். பழைய லேத்தில் கியர் கொடுக்கும் சுற்றுகளைத் தவிர வேறு வராது. ஆகவே விட்டத்தைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 1000 சுற்றில் 180 மீற்றர் வேண்டுமென்றால் விட்டம் 57.3 மில்லிமீற்றர். ஒரு ஓட்டம் கடைந்ததும் விட்டம் 54.3 ஆகும், வேகம் 5 வீதம் விழும். காபைட்டுக்கு ரெயிலர் அடுக்கு 0.25 என்று எடுத்தால் ஆயுள் வேகத்தின் நாலாம் அடுக்குக்கு எதிராகப் போகிறது. 5 வீத வேக வீழ்ச்சி ஆயுளை 20 வீதத்துக்கு மேல் கூட்டிவிடும். ஒவ்வொரு ஓட்டத்தின் வேகத்தையும் நேரத்தையும் தனித்தனியே எழுதுங்கள், கணிப்பிலும் தனித்தனியே கொடுங்கள். 300 மில்லிமீற்றர் கோலுக்கு ஓர் ஓட்டம் ஒன்றரை நிமிடம். அளப்பதற்கும் வசதியான இடைவெளி அது.

பக்க முகத் தேய்வின் அகலத்தை, அதாவது வி.பி. என்று சொல்வதை, கணினியில் செருகும் சின்ன நுணுக்குக்காட்டியாலேயே அளக்கலாம். 0.30 மில்லிமீற்றர் ஃபீலர் கேஜ் தகட்டின் விளிம்பை ரிப்பின் பக்க முகத்தோடு ஒரே குவிய மட்டத்தில் வைத்து ஒரு படம், அதுவே அளவுகோல். மட்டம் மாறினால் அளவும் மாறும் என்பதால் ரிப்பை வைக்க ஒரு தாங்கி செய்து கொள்ளுங்கள். விளிம்பில் ஒட்டிய உருக்கைத் தேய்வு என்று அளந்துவிடுவதும் வழமை. தேய்வுத் தடம் மங்கலாகப் பளபளக்கும். ஒட்டியது மேடாக நிற்கும், பக்கவாட்டில் வெளிச்சம் கொடுத்தால் நிழல் விழும்.

முதல் சில நிமிடத் தேய்வு வேகமாக இருக்கும், பிறகு சீராகும், கடைசியில் மீண்டும் பாயும். சீரான நடுப்பகுதியின் படித்திறனை மட்டும் எடுங்கள். வி.பி. அகலத்தை ஆழமாக மாற்ற வேண்டும்: வி.பி. = ஆழம் × (கோதாஞ்சன் இடைவெளிக் கோணம் − தாஞ்சன் ரேக் கோணம்). இடைவெளிக் கோணம் பக்க முகத்தின் சாய்வு, ரேக் கோணம் மேல்முகத்தின் சாய்வு. இடைவெளி 6 பாகை, ரேக் −6 பாகை என்றால் பெருக்கி 9.6. எல்லையான 0.3 மில்லிமீற்றர் வி.பி. என்பது விளிம்பு 31 மைக்ரோமீற்றர் இறங்குவதுதான். பிறகு ஒவ்வொரு வேகத்துக்கும், ஆழ வீதத்தைத் தகைப்பாலும் வழுக்கும் வேகத்தாலும் வகுத்து, இயற்கை மடக்கை எடுத்து, வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிரே வரையுங்கள். நேர்கோடு வந்தால் அதன் படித்திறன் −ஆ, வெட்டுத்துண்டு அ இன் மடக்கை. கோடு நடுவில் மடிந்தால் பயப்படத் தேவையில்லை. மேலே சொன்ன 1150 கெல்வின் மடிப்பும் அப்படியானதுதான்.

இங்கே ஒன்றை மறக்கக் கூடாது. தேய்வு லேத்தில் அளந்தது. தகைப்பும் வெப்பநிலையும் கணினியில் இருந்து வந்தவை. உங்கள் வலையும் உராய்வும் தொடுகை வெப்பக் குணகமும் வெப்பநிலையை 40 பாகை தாழ்த்திக் காட்டினால், அந்த 40 பாகையும் அ, ஆ இரண்டுக்குள்ளும் போய் ஒளிந்துகொள்ளும். ஆகவே அவை அந்த உருக்கினதும் ரிப்பினதும் மாறிலிகள் மட்டுமல்ல, உங்கள் கணிப்பினதும் மாறிலிகள். இன்னொருவருடைய பெறுமானங்களைக் கொண்டுவந்து போட்டு "பொருந்தவில்லை" என்று சொல்வோர் இதைத்தான் கவனிப்பதில்லை. வலையை நுணுக்கினாலும், மென்பொருள் மாறினாலும், உராய்வைத் திருத்தினாலும் மாறிலிகளை மீண்டும் பொருத்த வேண்டும். லேத் வேலை திரும்பச் செய்ய வேண்டியதில்லை. பழைய அளவீடுகளே உதவும். அதனால்தான் கொப்பி முக்கியம்.

மாறிலிகள் கிடைத்த பிறகு சுற்று தொடங்கும். 2004 இல் அமெரிக்காவின் ஒகையோவில் யென், அல்டான் குழுவினர் காட்டிய ஒழுங்கு இன்றும் நல்லது: சீவல் கணிப்பு, நிலைத்த வெப்பக் கணக்கு, வலையின் ஒவ்வொரு கணுவிலும் தேய்வு வீதம், கணுக்களை நகர்த்திப் புதிய ரூல் உரு, மீண்டும் முதலில் இருந்து. புத்தம் புதிய ரூலில் தொடங்கினால் பக்க முகம் தொடுகையிலேயே இராது, அங்கே தேய்வும் பூச்சியமாக வரும். 0.05 மில்லிமீற்றர் தேய்வுத் தடத்தை முதலே வரைந்துவிட்டுத் தொடங்குங்கள். ஒரு சுற்றுக்கு வி.பி. 0.05 க்கு மேல் கூட விடாதீர்கள். தடம் அகலும்போது சூடும் ஏறும், பெரிய படி வைத்தால் அந்த ஏற்றம் தவறிவிடும்.

முலாம் பூசிய ரிப்பில் இன்னொரு நுணுக்கம். 10 மைக்ரோமீற்றர் முலாம் 6 பாகைச் சரிவில் வி.பி. 0.1 ஐத் தாண்டும்போதே விளிம்போரம் துளைந்து, உள்ளே இருக்கும் காபைட் தெரியும். ஆக, எல்லையான 0.3 வரையிலான அகலத்தில் மூன்றில் இரண்டு பங்கு முலாமும் காபைட்டும் கலந்த தேய்வு. 0.1 க்கு முன் ஒரு சோடி மாறிலி, பின் ஒரு சோடி என்று பிரித்தால் கோடு ஒழுங்காகும்.

சோதனையை உலர்வாகவே செய்யுங்கள். கூலன்ற் தொடுகைக்குள் எவ்வளவு போகிறது என்று கணிப்புக்குத் தெரியாது. அதோடு, யாழ்ப்பாணக் கிணற்றுத் தண்ணீர் சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. அந்த வன்னீரில் கரையெண்ணெய் கலந்தால் பிரிந்து மேலே ஆடை கட்டும். இன்று கலந்ததும் அடுத்த கிழமை இருப்பதும் ஒன்றல்ல. கூலன்றோடு கடைவதே வேலை என்றால் மழைநீரில் கலக்கலாம்.

இந்தச் சமன்பாடு ஒட்டித் தேய்வதையும் சூட்டில் ஊடுபரவித் தேய்வதையும்தான் சொல்லும். சாவித்தவாளிப்பு உள்ள தண்டில் ரிப் ஒவ்வொரு சுற்றுக்கும் அடிபட்டு உதிரும். அது முறிவு, தேய்வு அல்ல. மென்மையான உருக்கைத் தாழ்ந்த வேகத்தில் கடைந்தால் விளிம்பில் உலோகம் கட்டி, உடைந்து, ரிப்பையும் கொஞ்சம் பிய்த்துக்கொண்டு போகும். அதுவும் இதில் வராது. குருநகர், மயிலிட்டிப் படகுகளின் துருப்பிடிக்கா உருக்குத் தண்டு வந்தால், வெட்டாழக் கோட்டில் ஒரு வெட்டுக்காயம் போல விழும் தேய்வுதான் ரிப்பை முதலில் முடிக்கும். கணிப்பு வி.பி. 0.15 என்று சொல்லிக்கொண்டிருக்கும், கையில் இருப்பது ஓரம் பிளந்த ரிப்பாக இருக்கும். அங்கே வெட்டாழத்தை ஓட்டத்துக்கு ஓட்டம் மாற்றி, காயம் ஒரே இடத்தில் விழாமல் பார்ப்பது கணினியை விட அதிகம் உதவும்.

ரிப் பத்து கொண்ட பெட்டியாக வரும். பெட்டியில் உள்ள தரக் குறியீட்டையும் தொகுதி எண்ணையும் மாறிலிகளுக்குப் பக்கத்தில் எழுதுங்கள். அடுத்த பெட்டி வந்ததும் ஒரே ஒரு வேகத்தில், ஒரே ஒரு ரிப்பை வி.பி. 0.2 வரை ஓட்டி, பழைய கோட்டில் அந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்று பாருங்கள். குறியீடு ஒன்றாக இருந்தும் புள்ளி கோட்டை விட்டுத் தள்ளி விழுந்தால், முலாம் நிறத்தை மட்டும் பார்த்து வாங்கிய பெட்டியாக இருக்கலாம்.